இலையின் நஞ்சும் ஈரலின் வேலையும்

ஆறு வருடங்களுக்கு முன்னர் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தோடு ஆரம்பிக்கிறேன். தவறு என்னுடையது. எனவே ஒளித்துப் பேச வேண்டிய அவசியமில்லை.

என் இளைய மகள் ஒரு பூனை வளர்த்து வந்தாள். ஒரு நாள் மாலை அது சாப்பிடாமல் சுருண்டு படுத்திருந்தது. தொட்டுப் பார்த்தால் உடம்பு சுட்டது. "வாப்பா, இதுக்குக் காய்ச்சல். ஏதாச்சும் மருந்து குடுங்க வாப்பா" என்று மகள் அழுதாள். அலுமாரியில் பரசிட்டமோல் மாத்திரை இருந்தது. சிறு பிள்ளைகளுக்குக் கூடக் கொடுக்கும் மருந்துதானே, இதனால் என்ன கெடுதி வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். ஒரு மாத்திரையைப் பாதியாக உடைத்து, பாலில் கரைத்து, கரண்டியால் ஊட்டிவிட்டேன்.

சுபஹுக்கு எழும்பிப் பார்த்தபோது அதன் முகமும் முன்னங்கால்களும் வீங்கியிருந்தன. வாயைத் திறந்து பார்த்தால் முரசு சிவப்பாக இல்லை, மண்ணிறமாக மாறியிருந்தது. மூச்சு விடவே சிரமப்பட்டது. மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "பரசிட்டமோல் ஏதும் கொடுத்தீர்களா?" தலையாட்டினேன். "நமக்கு அது மருந்து, மௌலவி. பூனைக்கு அது நஞ்சு. இதற்கு மாற்று மருந்து உண்டு, ஆனால் நேரத்தோடு கொடுக்க வேண்டும்" என்றார். நேரம் கடந்திருந்தது. அன்று பகல் அந்தப் பூனை இறந்து போனது.

மகளின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை. ஒரே பொருள் நமக்கு மருந்தாகவும் பூனைக்கு நஞ்சாகவும் இருப்பது எப்படி? நான் அறபுக் கல்லூரியில் ஓதியவன். இரசாயனம் எனது துறையல்ல. எனவே எமது பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டேன். அவர் தந்த புத்தகங்களை வாசித்தேன். பூனையைப் பற்றி அறியப் போன எனக்கு, நமது அடுப்பங்கரையையும் தொட்டிலையும் பற்றிய பாடம் கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

செடிக்கும் ஆயுதம் உண்டு

மானுக்கு ஓடக் கால் உண்டு. ஆமைக்கு ஓடு உண்டு. செடி என்ன செய்யும்? நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியது. பூச்சி கடித்தாலும் ஆடு மேய்ந்தாலும் அது ஓட முடியாது. ஆகையால் அது தன் இலையிலும் வேரிலும் விதையிலும் கசப்பும் காரமும் நஞ்சும் கொண்ட இரசாயனப் பொருட்களை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது.

தேயிலையில் உள்ள கபேன், மிளகின் காரம், வெள்ளைப்பூண்டின் நெடி, மரவள்ளியின் நஞ்சு எல்லாம் இந்த வகைதான். மாச்சத்து, புரதம் போல இவை நமது உடலை வளர்ப்பவை அல்ல. உடலுக்கு இவை அந்நியப் பொருட்கள். சோறும் கறியுமாக நாம் சாப்பிடும் ஒவ்வொரு வேளையும் இப்படியான நூற்றுக்கணக்கான அந்நியப் பொருட்கள் நமக்குள் போகின்றன. அவற்றை வெளியே அனுப்பாவிட்டால் உடல் தாங்காது. அந்த வேலையில் பெரும் பங்கை இரவு பகலாகச் செய்வது நமது ஈரல்.

எண்ணெய்த் தட்டைக் கழுவுவது போல

இறைச்சிக் கறி சாப்பிட்ட தட்டை வெறும் தண்ணீரில் கழுவிப் பாருங்கள், சகோதரிகளே. நெய்ப்பசை போகாது. சவர்க்காரம் போட்டால்தான் போகும். செடிகளின் இரசாயனங்களில் பலவும் அந்த நெய்ப்பசை போன்றவை. எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. சிறுநீரோ தண்ணீர். எனவே அவை சிறுநீரகத்திற்குப் போனாலும் வெளியேறாமல் மீண்டும் இரத்தத்திற்கே திரும்பி வந்துவிடும்.

ஈரல் இதற்கு இரண்டு படிகளில் வேலை செய்கிறது. முதற்படியில் அந்நியப் பொருளின் மீது ஒட்சிசனைச் சேர்த்து, பிடித்துக்கொள்ள ஒரு கைபிடி போட்டது போல ஆக்குகிறது. இரண்டாம் படியில் அந்தக் கைபிடியில், தண்ணீரில் நன்றாகக் கரையும் வேறொரு பொருளைக் கட்டிவிடுகிறது. சீனியிலிருந்து உண்டாகும் ஓர் அமிலத்தைக் கட்டுவதுண்டு. கந்தகம் சேர்ந்த பொருளைக் கட்டுவதுமுண்டு. சவர்க்காரம் போட்ட தட்டைப் போல, இப்போது அது தண்ணீரோடு போய்விடும். சிறுநீர் வழியாகவோ, பித்தத்தில் கலந்து மலத்தின் வழியாகவோ வெளியேறும். உடலுக்குள் நடக்கும் இவ்வாறான மாற்றங்களைத்தான் அனுசேபம் என்கிறார்கள். இதைச் செய்யும் கருவிகளுக்கு நொதியங்கள் என்று பெயர்.

இந்த இரண்டாம் படியை மனிதன் கண்டறிந்த கதையில் நாம் வீட்டில் புகைக்கும் சாம்பிராணிக்கும் பங்குண்டு. அந்தப் பிசினை அறபு வியாபாரிகள் 'லுபான் ஜாவி' என்றார்கள். ஜாவாவின் குந்துருக்கம் என்று பொருள். ஐரோப்பியர் வாயில் அந்தப் பெயர் திரிந்து 'பென்சோயின்' ஆயிற்று. அதிலிருந்து பிரித்தெடுத்த அமிலத்திற்குப் பென்சோயிக் அமிலம் என்று பெயர் வந்தது. குதிரையின் சிறுநீரில் ஒரு வகை அமிலம் இருப்பதை 1829இல் ஜேர்மனிய விஞ்ஞானி லீபிக் விவரித்து, அதற்கு ஹிப்யூரிக் அமிலம் என்று பெயரிட்டார். பெயரின் பொருளே குதிரைச் சிறுநீர் அமிலம் என்பதுதான். 1841இல் அலெக்சாண்டர் யூர் என்ற இலண்டன் சத்திர வைத்தியர், பென்சோயிக் அமிலத்தை உட்கொண்ட மனிதனின் சிறுநீரிலும் அதே குதிரை அமிலம் வருவதைக் காட்டினார். உள்ளே போனது ஒன்று, வெளியே வந்தது இன்னொன்று! உடல் அந்த அமிலத்தோடு கிளைசீன் என்ற தன் சொந்தப் பொருளைக் கட்டி அனுப்பியிருந்தது. குதிரை தின்னும் புல்லிலிருந்தும் பென்சோயிக் அமிலம் உண்டாவதால்தான் அதன் சிறுநீரில் இந்தப் பொருள் அவ்வளவு மிகுதியாக இருந்தது.

பூனைக்கு இல்லாத கருவி

இனி எங்கள் பூனைக்கு வருவோம். பூனை இறைச்சியும் மீனும் தின்னும் பிராணி. இலை, தழை அதன் உணவல்ல. செடிகளின் நஞ்சோடு போராட வேண்டிய தேவை அதற்குப் பெரிதாக இல்லை. பயன்படாத கருவி துருப்பிடித்துப் போவதைப் போல, சீனி அமிலத்தைக் கட்டும் நொதியங்களுள் முக்கியமான ஒன்று பூனை இனத்தில் இயங்காமல் போய்விட்டது. சிங்கம், புலிக்கும் இதே நிலைதான்.

பரசிட்டமோல் செடியிலிருந்து வந்ததல்ல. தொழிற்சாலையில் செய்த மருந்து. ஆனால் ஈரலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. செடியின் சில இரசாயனங்களை வெளியே அனுப்பும் அதே வழியில்தான் இதையும் அனுப்பியாக வேண்டும். மனிதனுக்கு அந்த வழி திறந்திருக்கிறது. பூனைக்கு அது மூடிக் கிடக்கிறது. வெளியேற முடியாத மருந்து வேறு பாதையில் நஞ்சாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கிறது. நான் கண்ட மண்ணிற முரசுக்கு அதுதான் காரணம்.

நமக்கும் அந்த வழிக்கு எல்லை உண்டு. அளவுக்கு மீறிப் பரசிட்டமோல் உட்கொண்டால் மனிதனின் ஈரலும் அழியும். 'சாதாரண மாத்திரை' என்று நாம் சொல்வது, ஈரல் தன் வேலையைச் சரியாகச் செய்து கொண்டிருப்பதனால் மட்டுமே.

ஆட்டின் வயிற்றில் இருந்த உதவி

சில பிராணிகளுக்கு ஈரல் மட்டுமன்றி வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களும் உதவுகின்றன. நம் நாட்டில் இப்பில் இப்பில் என்று சொல்லும் மரத்தை அறிவீர்கள். ஆடு மாடுகளுக்கு நல்ல புரதம் உள்ள தழை. ஆனால் அதில் மிமோசின் என்ற நஞ்சு இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் இதை மிகுதியாகத் தின்ற மாடுகளுக்கு மயிர் கொட்டியது, கழுத்தில் கண்டமாலை வீங்கியது, உடம்பு மெலிந்தது. ஹவாய்த் தீவிலோ ஆடுகள் இதே தழையை வயிறு நிறையத் தின்று கொழுத்துத் திரிந்தன.

அவுஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ் இதைக் கவனித்தார். ஆட்டில் வித்தியாசமில்லை, அதன் இரைப்பையில் வாழும் பக்டீரியாவில்தான் வித்தியாசம் என்று அவர் கருதினார். 1980களில் ஹவாய் ஆடுகளின் இரைப்பை நீரிலிருந்த நுண்ணுயிர்களைக் கொண்டு வந்து அவுஸ்திரேலியக் கால்நடைகளுக்கு ஊட்டினார்கள். அதுவரை நஞ்சாக இருந்த தழை அவற்றுக்கு உணவாயிற்று. அந்தப் பக்டீரியாவுக்கு 1992இல் அவர் பெயரையே சூட்டினார்கள்.

அதே நாட்டில் கோவாலா என்று ஒரு பிராணி. அது யூகலிப்டஸ் இலையைத் தவிர வேறெதையும் பெரும்பாலும் தின்னாது. வேறு பிராணிகளுக்கு நஞ்சான அந்த இலையை அதன் ஈரல் சமாளிக்கிறது. 2018இல் அதன் மரபணுக்களை முழுமையாக வாசித்தபோது, முதற்படி வேலை செய்யும் நொதியங்களில் ஒரு வகைக்கான மரபணுக்கள் மிகப் பெருகியிருப்பது தெரிந்தது. இதில் ஒரு சங்கடமும் உண்டு. நோயுற்ற கோவாலாவுக்கு வைத்தியர் கொடுக்கும் சில மருந்துகளையும் அந்த ஈரல் விரைவாக வெளியே தள்ளிவிடுகிறது.

ஆகவே ஒரு பிராணி தின்கிறதே என்று பார்த்து இன்னொன்றுக்குக் கொடுக்க முடியாது. கோவாலாவின் உணவான இலையிலிருந்து வடிக்கும் யூகலிப்டஸ் தைலத்தை நாம் நெஞ்சில் தடவுகிறோம். சிறு பிள்ளை அதில் கொஞ்சம் குடித்துவிட்டாலும் வலிப்பு வரலாம். அந்தப் போத்தலைப் பிள்ளையின் கை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

மரவள்ளியும் மூடாத பானையும்

நமது உடலும் இவ்விடயத்தில் திறமை குறைந்ததல்ல. மரவள்ளிக் கிழங்கைச் சீவும்போதும் நறுக்கும்போதும் அதிலுள்ள ஒரு பொருள் உடைந்து சயனைட்டு நஞ்சு வெளிப்படுகிறது. நன்கு ஊறவைத்து, மூடி போடாமல் அவித்தால் அதில் பெரும் பகுதி தண்ணீரோடும் ஆவியோடும் போய்விடும். பானையை மூடாதே என்று உம்மும்மாமார் சொன்னது வீண் பேச்சல்ல. ஈரல் செய்ய வேண்டிய வேலையில் பாதியை அவர்கள் அடுப்பிலேயே முடித்துவிட்டார்கள்.

மீதியை உடல் பார்த்துக்கொள்கிறது. சயனைட்டோடு கந்தகத்தைச் சேர்த்து, தீங்கு குறைந்த தயோசயனேற்று என்ற பொருளாக மாற்றிச் சிறுநீரில் அனுப்புகிறது. அந்தக் கந்தகம் மீன், முட்டை, பருப்பு போன்ற புரத உணவிலிருந்துதான் வர வேண்டும். கொங்கோ, மொசாம்பிக் போன்ற நாடுகளில் பஞ்ச காலத்தில், சரியாகப் பதப்படுத்தாத கசப்பு மரவள்ளியை மட்டும் தின்று, புரதமில்லாமல் வாழ்ந்த ஏழை மக்களின் கால்கள் திடீரென முடங்கிப் போயின. கொன்சோ என்று அந்த நோயைச் சொல்கிறார்கள். பெண்களும் பிள்ளைகளுமே அதில் அதிகம். மரவள்ளியோடு ஒரு துண்டு மீனையும் பிள்ளையின் தட்டில் வைப்பதன் அருமை இதிலிருந்து புரியும்.

ஈரலே நஞ்சாக்குவதும் உண்டு

எல்லா வேளையும் ஈரலின் வேலை நன்மையாக முடிவதில்லை. கிலுகிலுப்பை இனச் செடிகள் சிலவற்றில் உள்ள ஒரு வகைப் பொருள், உள்ளே போகும்போது அவ்வளவு கொடியதல்ல. ஈரல் அதை மாற்றப் போய், அதுவே கொடிய நஞ்சாகி, ஈரலையே தாக்குகிறது. இந்நாட்டு நாட்டு மருந்துகளில் சேரும் சில மூலிகைகளில் இது இருப்பதைப் பேராசிரியர் அர்சகுலரத்னவும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 1981இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக் காட்டினார்கள். தேர்ந்த வைத்தியர் அளவறிந்து தரும் மருந்தை நான் குறை சொல்லவில்லை. வேலியோரத்தில் பிடுங்கியதை யாரோ சொன்னதற்காக அவித்துக் குடிப்பதைத்தான் சொல்கிறேன்.

வெளியேறும் வேறு வழிகள்

சிறுநீரும் மலமும் மட்டுமல்ல, மூச்சும் ஒரு வழி. பச்சை வெள்ளைப்பூண்டைத் தின்றவர் எத்தனை முறை வாய் கொப்புளித்தாலும் நெடி போவதில்லை. அதிலுள்ள ஒரு கந்தகப் பொருள் இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாகப் பல மணி நேரம் வெளிவந்து கொண்டிருப்பதே காரணம். அதைத் தின்றவர் பள்ளிக்கு வராமல் இருப்பதிலுள்ள நியாயம் நமக்குத் தெரிந்ததுதான்.

இன்னொரு வழி பால். இதைத் தாய்மார் கவனமாகக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் 1800களில் பால் நோய் என்று ஒன்று பரவியது. காட்டில் ஒரு வெள்ளைப் பூச்செடியைத் தின்ற பசுக்களின் பாலைக் குடித்தவர்கள் நடுங்கி, வாந்தியெடுத்து இறந்தார்கள். பின்னாளில் ஜனாதிபதியான ஆபிரகாம் லிங்கனின் தாய் 1818இல் அந்த நோயில்தான் இறந்தார் என்று சொல்லப்படுகிறது. அப்போது லிங்கனுக்கு ஒன்பது வயது. பசு தின்ற இலை ஒரு பிள்ளையைத் தாயில்லாப் பிள்ளையாக்கியது.

தொட்டிலில் இருக்கும் ஈரல்

பூனைக்கு இல்லாத நொதியத்தைப் பற்றிச் சொன்னேன். பிறந்த குழந்தைக்கும் ஓரளவு அந்த நிலைதான். அதன் ஈரல் இன்னும் வேலை பழகவில்லை. பிறந்த சில நாட்களில் பல குழந்தைகளுக்கு மஞ்சள் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். உடலின் சொந்தக் கழிவையே கட்டி அனுப்ப அந்த ஈரலுக்கு இன்னும் முழுப் பலம் வராததே அதற்குப் பெரும்பாலும் காரணம்.

தேத்தண்ணியில் உள்ள கபேனை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஒருவர் உட்கொண்டதில் பாதி சுமார் 5 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நிறைமாதக் கர்ப்பிணிக்கு அது 15 மணி நேரம் வரை ஆகும். பிறந்த குழந்தைக்கோ மூன்று, நான்கு நாட்கள் பிடிக்கும். நமக்கு ஒரு மிடறு, அதற்கு நாட்கணக்கான சுமை. தாய் அளவோடு தேத்தண்ணி குடிப்பதற்குத் தடையில்லை. ஆனால் 'தொண்டை நனையட்டும்' என்று பிள்ளையின் வாயில் விடுவது வேறு விடயம்.

சென்ற வருடம் என் தாத்தாவின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பதினோராம் நாள் நான் பார்க்கப் போனபோது குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. எங்கள் உம்மா வசம்பைச் சுட்டு, கல்லில் உரைத்துக் கொண்டிருந்தார். நாக்கில் தடவப் போகிறார் என்று விளங்கியது.

"உம்மா, வேணாம்" என்றேன்.

"இது என்ன மகன் புதுக் கதை? உங்க எல்லாருக்கும் இதக் குடுத்துத்தானே வளத்தேன். பச்ச மருந்துதானே!"

வசம்பின் எண்ணெயில் அசரோன் என்ற பொருள் இருக்கிறது. அது எலிகளின் குடலில் கட்டிகளை உண்டாக்கியது தெரிய வந்து, 1968இல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. இதையெல்லாம் உம்மாவிடம் விரித்துச் சொல்ல அது நேரமல்ல. "உம்மா, நான் அந்தப் பூனைக்குக் குடுத்ததும் நல்ல மருந்துதான்" என்றேன்.

உம்மாவின் கை நின்றது. அந்தப் பூனையைப் பின்வளவில் அடக்கிய அன்று என் மகளை மடியில் வைத்துத் தேற்றியவர் அவர். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப புள்ளட வயித்து வலிக்கு என்ன செய்ற?" என்று கேட்டார். பால் குடித்ததும் தோளில் போட்டு முதுகைத் தடவி ஏப்பம் விட வையுங்கள். அழுகை நிற்காவிட்டால், காய்ச்சல் இருந்தால், பால் குடிக்க மறுத்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றேன். உம்மாவே குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். சிறிது நேரத்தில் அது உறங்கிவிட்டது. உரைத்த வசம்பு கல்லிலேயே காய்ந்தது.

நாம் செய்யக் கூடியவை

ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வசம்பு, தேத்தண்ணி, கசாயம் எதுவும் அந்த வயிற்றுக்கு வேண்டாம்.

பிள்ளைக்குப் பரசிட்டமோல் கொடுக்கும்போது நிறையைப் பார்த்து வைத்தியர் சொன்ன அளவே கொடுங்கள். பெரியவரின் மாத்திரையை உடைத்து, கண்ணளவில் கொடுக்காதீர்கள். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்து தேடாமல் வைத்தியரைத் தேடுங்கள்.

மூலிகை ஏதும் குடிப்பவர்கள், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் விசேடமாக, அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். 'இலைதானே' என்று மறைக்காதீர்கள்.

வீட்டுப் பூனைக்கு நமது அலுமாரியிலிருந்து எந்த மாத்திரையும் கொடுக்காதீர்கள். அது வாயில்லாப் பிராணி. நாம் ஊட்டுவதை விழுங்குவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் அப்படித்தான்.

என் மகள் இப்போது வேறொரு பூனை வளர்க்கிறாள். அது ஒரு நேரம் சாப்பிடாவிட்டால் என்னிடம் மருந்து கேட்பதில்லை. கூடையை எடுத்துக்கொண்டு, "வாப்பா, மிருக வைத்தியர்ட்ட போவோம்" என்கிறாள். நானும் மறுபேச்சில்லாமல் எழும்பிப் போகிறேன்.